அப்பாவின் தட்டுக்குக் கொண்டைக்கடலை திரும்பிய ஒன்பது வாரங்கள்

அப்பாவுக்குக் கொண்டைக்கடலை என்றால் உயிர். எழுபதைத் தாண்டிய பிறகு அதைத் தொடவே மறுத்துவிட்டார். சாப்பிட்ட ஐந்தாறு மணி நேரத்தில் வயிறு மத்தளம் போல உப்பிக்கொள்ளும். இரவெல்லாம் புரண்டு படுப்பார். மறுநாள் மதியம்வரை முகத்தில் தெளிவு இருக்காது. கொண்டைக்கடலைக்குப் பின் ராஜ்மா போயிற்று, மொச்சை போயிற்று, கடைசியில் தட்டைப்பயறும் போயிற்று. இறைச்சி சாப்பிடாதவர் அவர். புரதமும் நார்ச்சத்தும் நிறைந்த பயறுகளையெல்லாம் வாயுவுக்குப் பயந்து ஒதுக்கிவைப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு நோட்டும் சமையலறைத் தராசும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பது வாரம் ஆயிற்று. அதில் நடந்ததை, தப்பியதையும் சேர்த்து, இங்கே எழுதிவைக்கிறேன்.

தொடங்குமுன் வாயு எங்கிருந்து வருகிறது என்று படித்தேன். பயறுகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ், வெர்பாஸ்கோஸ் என்ற சர்க்கரைகள் இருக்கின்றன. விதை காய்ந்து கிடக்கும் காலத்தில் அதன் செல்களைக் காப்பதும், முளைக்கும்போது முதல் தீனியாவதும் இவைதான். இவற்றை உடைக்க ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ் என்ற நொதி வேண்டும். மனிதச் சிறுகுடலில் அது சுரப்பதில்லை. அதனால் இந்தச் சர்க்கரைகள் உடையாமல் பெருங்குடலுக்குப் போய்ச்சேருகின்றன. அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைத்து ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்ஸைடையும், சிலருக்கு மீத்தேனையும் உண்டாக்குகின்றன. இந்த மூன்றுக்கும் வாசமே கிடையாது. நாற்றம் வருவது மிகச் சிறிய அளவில் உண்டாகும் கந்தகச் சேர்மங்களால். சாப்பிட்ட உடனே இல்லாமல் ஐந்தாறு மணி நேரம் கழித்து அப்பாவுக்குத் தொல்லை தொடங்கியதற்கும் இதுவே காரணம். உணவு பெருங்குடலை எட்ட அவ்வளவு நேரம் ஆகிறது.

சர்க்கரைகள் நீரில் கரையும். அப்படியானால் ஊறவைத்த நீரைக் கொட்டினால் பாதிப் பிரச்சினை அதோடு போய்விடும் என்று நினைத்தேன். அந்தக் கணக்கு எங்கே சரியாக வந்தது, எங்கே உதைத்தது என்பதுதான் இந்தப் பதிவு.

முதல் வாரம் எதையும் மாற்றவில்லை. வீட்டில் வழக்கமாகச் செய்கிறபடி 200 கிராம் கொண்டைக்கடலையை நான்கு மணி நேரம் ஊறவைத்து, அதே நீரில் வேகவைத்தேன். உப்பைத் தவிர எதுவும் சேர்க்கவில்லை. வெங்காயமும் பூண்டும் தாமாகவே வாயுவைக் கிளப்பக்கூடியவை. அவை கலந்துவிட்டால் எதைக் குற்றம் சொல்வது என்று தெரியாமல் போய்விடும். சோதனை நாட்களில் அவற்றுக்கும் பாலுக்கும் சோடா பானங்களுக்கும் விடுமுறை கொடுத்தோம். மதிய உணவோடு வெந்த கடலை அரைக் கோப்பை. மாலை, படுக்கும் நேரம், மறுநாள் காலை ஆகிய மூன்று வேளையும் அப்பா தன் வயிற்றுக்குப் பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை மதிப்பெண் கொடுப்பார். எண் ஏற ஏறத் தொல்லை அதிகம். நானும் அதே அளவு சாப்பிட்டு எனக்கும் போட்டுக்கொள்வேன். எப்படிச் சமைத்தேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்வதில்லை. தெரிந்தால் மனம் வயிற்றை முந்திக்கொள்ளும். இரண்டே பேரின் வயிற்றை வைத்து ஊருக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது தெரியும். எனக்கு வேண்டியது ஒருவருடைய வயிற்றுக்கான பதில் மட்டுமே.

முதல் வாரம் அப்பாவின் படுக்கைநேர மதிப்பெண் நான்கு. என்னுடையது இரண்டு.

இரண்டாம் வாரம் ஊறவைப்பதை நீட்டினேன். 200 கிராமுக்கு ஒரு லிட்டர் நீர், பதினான்கு மணி நேரம், நடுவே மூன்று முறை நீர் மாற்றம். முதல் முறை வடித்த நீர் வெளிர் மஞ்சளாக இருந்தது, கையால் கலக்கியதும் சோப்பு நீர் போல நுரைத்தது. இரண்டாவது முறை வடித்ததில் நுரை குறைந்திருந்தது. மூன்றாவது ஏறக்குறையத் தெளிவாகவே இருந்தது. ஊறிய கடலையை நிறுத்தபோது 420 கிராம். இரட்டிப்புக்கும் கொஞ்சம் மேல். பயறு முழுதாக ஊறிவிட்டதா என்று கண்டுபிடிக்க இந்த எடையை நான் நம்புகிறேன். இன்னொரு வழியும் உண்டு. ஒன்றை இரண்டாகப் பிளந்து நடுப்பகுதியைப் பார்க்க வேண்டும். ஓரத்தை விட நடு வெளுத்து, விறைப்பாக இருந்தால் இன்னும் நீர் போகவில்லை.

வெயில் கடுமையாக இருந்த ஒரு நாள், பதினாறு மணி நேரம் வெளியே விட்டுவிட்டேன். மூடியைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தது. முழுவதையும் கொட்டிவிட்டேன். அன்றிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் ஊறவைப்பதாக இருந்தால் குளிர்சாதனப் பெட்டிக்குள்தான்.

மதிப்பெண் மூன்றானது. உதவிதான், ஆனால் அப்பா இன்னும் இரவில் எழுந்து உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார்.

மூன்றாம் வாரம் சூட்டில் ஊறவைத்தேன். நீரைக் கொதிக்கவைத்து, பயறைப் போட்டு, மீண்டும் கொதி வந்ததும் மூன்று நிமிடம் விட்டு, அடுப்பை அணைத்து மூடிவைக்க வேண்டும். நான்கு மணி நேரம் போதும். சூடான நீரில் செல்சுவர்கள் தளர்கின்றன, சர்க்கரை வேகமாக வெளியேறுகிறது. வடித்த நீர் இந்த முறை தேநீர் போலக் கறுத்திருந்தது. அதைப் பார்த்தபோதே நம்பிக்கை வந்தது. இரண்டு முறை அலசி, புது நீரில் வேகவைத்தேன். மதிப்பெண் இரண்டரை. பதினான்கு மணி நேரக் குளிர்நீரை விட நான்கு மணி நேரச் சுடுநீர் நன்றாகவே வேலை செய்தது. வெதுவெதுப்பான நீரில் இரவு முழுக்க விட்டுவிடக் கூடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம், கிருமி பெருகுவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

நீரைக் கொட்டினால் சத்தும் போகாதா என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஃபோலேட்டிலும் பொட்டாசியத்திலும் கொஞ்சம் போகத்தான் செய்யும். புரதமும் நார்ச்சத்தும் பெரும்பாலும் பயறிலேயே தங்கிவிடும். சாப்பிடாமலே ஒதுக்கிவைத்தால் எல்லாமே போகிறதே என்று பதில் சொன்னேன், அம்மாவும் ஒப்புக்கொண்டார்.

சமையல் சோடாவில் நான் செய்த தவறு

நான்காம் வாரத்தின் முதல் முயற்சியை எழுத வருத்தமாக இருக்கிறது, நல்ல கடலை வீணாயிற்று. ஊறவைக்கும் ஒரு லிட்டர் நீரில் ஒரு முழுத் தேக்கரண்டி சமையல் சோடா போட்டேன். வேகும்போது மறுபடியும் ஒரு சிட்டிகை. தோலெல்லாம் உரிந்து மிதந்தது, கடலை கூழானது, நாக்கில் சோப்பு ருசி ஒட்டிக்கொண்டது. சோடா செய்யும் வேலை பெக்டினைக் கரைப்பது. செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பசை அது. பசை அளவோடு இளகினால் பயறு மென்மையாக வேகும், அளவு மீறினால் உருவமே கலைந்துபோகும். காரத்தன்மை ஏறினால் தயாமின் என்ற பி1 வைட்டமினும் அழியும்.

இரண்டாம் முயற்சியில் கால் தேக்கரண்டி மட்டும், அதுவும் ஊறவைக்கும் நீரில் மட்டும். பிறகு நன்றாக அலசினேன். தோல் மென்மையாக இருந்தது, உருவம் குலையவில்லை, ருசியில் சோடா தெரியவில்லை. மதிப்பெண் இரண்டு. இன்னொரு முறை சோடாவுக்குப் பதில் உப்புப் போட்டுப் பார்த்தேன், லிட்டருக்கு 15 கிராம். உப்புப் போட்டால் பயறு வேகாது என்று கேட்டே வளர்ந்தவன் நான். ஊறவைக்கும் நீரில் உப்பு நேர்மாறாக வேலை செய்கிறது. தோலின் பெக்டினை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் விலக்கிவிட்டு அந்த இடத்தில் சோடியம் வந்து உட்காருகிறது, தோல் இளகுகிறது. வயிற்றைப் பொறுத்தவரை சோடா அளவுக்குப் பலன் தெரியவில்லை, ஆனால் ருசியில் உப்புதான் முதலிடம். உள்வரை சுவை ஏறியிருந்தது.

வேகவிடாமல் தடுக்கும் குற்றவாளி புளிப்பு. தக்காளி, எலுமிச்சை, புளி எதுவானாலும் பயறு முழுக்க வெந்த பிறகே சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் பெக்டின் கரையாமல் நின்றுவிடும், ஒரு மணி நேரம் கொதித்தாலும் கடலை நறுக்கென்றே இருக்கும்.

ஐந்தாம் வாரம் முளைகட்டினேன். இந்த வழி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பன்னிரண்டு மணி நேரம் ஊறிய கொண்டைக்கடலையை வடித்து, ஈரத்துணியில் கட்டி, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலசி, இரண்டு நாள் வைத்தேன். வாலைப் போல வெள்ளை முளை அரை விரற்கடை நீண்டது. நம் குடலில் இல்லாத அந்த நொதியை முளைக்கும் விதை தானே உண்டாக்கிக்கொண்டு, சேமித்துவைத்த சர்க்கரைகளைச் செலவழிக்கத் தொடங்கிவிடுகிறது. நாம் நீரை மாற்றி மாற்றிச் செய்ய முயன்றதை விதை தன் தேவைக்காக உள்ளிருந்தே செய்கிறது. மதிப்பெண் ஒன்றரை. முளைகட்டியதைப் பச்சையாகக் கொடுக்கவில்லை. முளை வளரும் ஈரமும் வெதுவெதுப்பும் சால்மொனெல்லா போன்ற கிருமிகளுக்கும் பிடித்தமானவை. வயதானவர்களுக்கு வேகவைத்துக் கொடுப்பதே பத்திரம்.

ராஜ்மாவை மட்டும் முளைகட்டிப் பச்சையாகச் சாப்பிட நினைக்கவே கூடாது. அதில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின், அதாவது நஞ்சாகும் ஒரு புரதம், நிறைய இருக்கிறது. வேகாத ராஜ்மா நான்கைந்து உள்ளே போனாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். வாயு பற்றிப் பேசும்போது இதை ஏன் இழுக்கிறேன் என்றால், வயிற்றுக்கு இதமாக இருக்கும் என்று நினைத்து மெதுவாக, குறைந்த சூட்டில் பயறு சமைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மெதுசமையல் கலங்களில் வெப்பம் கொதிநிலையை எட்டாமலே போகலாம். அரைகுறைச் சூடு பச்சை ராஜ்மாவை விட நஞ்சைக் கூட்டவும் செய்யும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புது நீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. நான் பத்து நிமிடம் திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, நுரையை எடுத்துவிட்டு, அதன் பிறகே பிரஷர் குக்கருக்கு மாற்றி இன்னும் 25 நிமிடம் வைக்கிறேன்.

ஆறாம் வாரம் எல்லாம் கவிழ்ந்தது

புதிய பொட்டலம் பிரித்தேன். சூட்டில் ஊறவைத்தல், கால் தேக்கரண்டி சோடா, புது நீர், எதையும் விடவில்லை. அன்று இரவு அப்பாவின் மதிப்பெண் நான்கு. மறுநாளும் நான்கு. எனக்கே மூன்று. ஐந்து வாரப் பாடும் வீண் என்று தோன்றிவிட்டது, நோட்டை மூடிவைத்துவிட்டேன்.

மறுநாள் காலை மீதமிருந்த கடலையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தேன். மேலே மென்மை, உள்ளே மணல் போன்ற நறநறப்பு. முந்தைய கடலை வெண்ணெயாக மசிந்தது நினைவிருந்தது. பொட்டலத்தில் இருந்த தேதியைப் பார்த்தால் அறுவடையாகிப் பல மாதங்கள் கிடந்த சரக்கு. பயறு வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் நெடுநாள் கிடந்தால் அதன் செல்சுவர்கள் இறுகி, எவ்வளவு வேகவைத்தாலும் இளகாத நிலைக்குப் போய்விடும். இதோடு அந்த வாரம் வடிகட்டிய நீர் தீர்ந்து, குழாய் நீரிலேயே சமைத்திருந்தேன். எங்கள் குழாய் நீர் கெட்டிலின் அடியில் வெள்ளைப் பொருக்கு கட்டும் கடின நீர். அதிலுள்ள கால்சியம் பெக்டினை இன்னும் இறுக்கியிருக்கும்.

இதுவரை சர்க்கரையை மட்டுமே துரத்திக்கொண்டிருந்தேன். வேகாத பயறில் மாவுச்சத்து முழுசான செல்களுக்குள் பூட்டிக்கிடக்கிறது. சிறுகுடலின் நொதிகளால் அந்தச் சுவரைத் தாண்ட முடியாது. அந்த மாவும் அப்படியே பெருங்குடலுக்குப் போய்ப் பாக்டீரியாவுக்கு இரையாகிறது. நீரை எத்தனை முறை மாற்றினாலும் இதற்கு அது மருந்தாகாது. நன்றாக வேகவைக்க வேண்டும், நன்றாக மெல்ல வேண்டும். அப்பாவுக்குக் கடைவாய்ப் பற்கள் இரண்டு இல்லை. அவர் முழுசு முழுசாக விழுங்குகிறார் என்பதை அந்த வாரம்தான் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். இத்தனை நாள் கவனிக்காமல் போனது எனக்கு இன்னும் வலிக்கிறது.

அதே பழைய கடலையை வடிகட்டிய நீரில், பிரஷர் குக்கரில் 45 நிமிடம் வைத்து, கரண்டியால் பாதியை மசித்துக் கொடுத்தேன். மதிப்பெண் இரண்டு. சரக்கு மாறவில்லை, ஊறவைத்த முறையும் மாறவில்லை. நீரும் வேக்காடும் மசித்தலும் மட்டுமே மாறின. இந்த ஒரு நாளைத்தான் ஒன்பது வாரத்திலும் பெரிய நாளாக நினைக்கிறேன்.

இப்போது என் வேக்காட்டுச் சோதனை நேரத்தைப் பார்ப்பதில்லை. ஐந்து கடலையை வெவ்வேறு இடத்திலிருந்து எடுத்து, நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே வைத்து அழுத்துகிறேன். பல் படாமல் ஐந்தும் நசுங்க வேண்டும். ஒன்று நசுங்காவிட்டாலும் குக்கர் மீண்டும் அடுப்பேறும்.

தோலை உரித்துக் கொடுத்தும் பார்த்தேன், ஒரு மணி நேர வேலைக்கு மதிப்பெண்ணில் அரைப்புள்ளிகூட மாறவில்லை, விட்டுவிட்டேன். நொதி மாத்திரையையும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு இரண்டு நாள் பயன்படுத்தினோம். ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையிலிருந்து எடுக்கும் அதே ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ்தான் அதில் இருக்கிறது. முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும், கொதிக்கும் உணவில் கலந்தால் நொதி செத்துவிடும். பலன் தெரிந்தது. வெளியே விருந்துக்குப் போகும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்திருக்கிறேன். கேலக்டோசீமியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாது.

கடைசி மூன்று வாரம் சமையலை மாற்றவில்லை, அளவை மாற்றினேன். அதுவரை வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் அரைக் கோப்பை கொடுத்துவந்தேன். ஏழாம் வாரம் தினமும் இரண்டு மேசைக்கரண்டி மட்டும். எட்டாம் வாரம் நான்கு. ஒன்பதாம் வாரம் அரைக் கோப்பை. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக் கூட்டம் நாம் போடும் தீனிக்கேற்ப மாறிக்கொள்கிறது. தினம் கொஞ்சமாகப் பழக்கினால் அது அமைதியாக ஏற்றுக்கொள்கிறது, எப்போதாவது ஒருநாள் மொத்தமாகக் கொட்டினால் தடுமாறுகிறது. 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தினம் அரைக் கோப்பை பயறு சாப்பிட்டவர்களைப் பல வாரங்கள் கவனித்தார்கள். வாயு கூடியதாக முதல் வாரத்தில் சொன்னவர்கள் பாதிப் பேருக்குமேல் இல்லை, தட்டைப்பயறு சாப்பிட்டவர்களில் 19 சதவீதம்தான். வாரங்கள் போகப் போக அந்த எண்ணிக்கையும் இறங்கியது. எங்கள் நோட்டிலும் அதே திசைதான். ஏழாம் வாரத் தொடக்கத்தில் இரண்டு, எட்டாம் வாரம் ஒன்று, ஒன்பதாம் வாரத்தில் நான்கு நாள் பூஜ்யம், மற்ற நாட்கள் ஒன்று. பூஜ்யம் என்று எழுதிய நாளிலும் வாயு போகாமல் இல்லை. ஒரு நாளில் பத்து இருபது முறை வாயு பிரிவது யாருக்கும் இயல்பு. வலியும் உப்புசமும் இல்லாததைத்தான் நாங்கள் பூஜ்யம் என்று கணக்கிட்டோம்.

இப்போது வீட்டில் நிலைத்துவிட்ட முறையைச் சொல்லிவிடுகிறேன். புதுச் சரக்கு 200 கிராம். பொறுக்கி, அலசி, ஒரு லிட்டர் வடிகட்டிய நீரில் கால் தேக்கரண்டி சோடாவோடு மூன்று நிமிடக் கொதி, பிறகு மூடி நான்கு மணி நேரம். வடித்து மூன்று முறை அலசல். பிறகு புது நீரில் பத்து நிமிடம் திறந்த கொதி, நுரை நீக்கம், குக்கரில் 25 நிமிடம், தானாக ஆவி அடங்கும்வரை திறப்பதில்லை. நாக்குச் சோதனை. உப்பு, புளிப்பு எல்லாம் அதன் பிறகு. அப்பாவின் பங்கில் பாதியைக் கரண்டியால் மசிப்பேன். நேரம் இருக்கும் வாரங்களில் கொண்டைக்கடலையை முளைகட்டிவிடுகிறேன், அப்போது சோடாவும் வேண்டாம். டப்பாவில் அடைத்த வெந்த பயறு வாங்கும் நாளில் அதிலுள்ள கொழகொழப்பு நீரைக் கொட்டி நன்றாக அலசுகிறேன், கரைந்த சர்க்கரை அந்த நீரில்தான் இருக்கிறது.

உப்புசத்தோடு எடை குறைவது, மலத்தில் இரத்தம், விடாத வலி இவற்றில் எது இருந்தாலும் பயறைக் குறை சொல்லிக்கொண்டு இருக்க வேண்டாம், மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாங்களும் முதலில் அங்கே போய் வேறு கோளாறு இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் நோட்டைத் திறந்தோம்.

மொச்சை இன்னும் பாக்கி இருக்கிறது. அதன் தோல் தடிமன், ஒரே ஒரு முறை முயன்றதில் மதிப்பெண் மூன்று வந்தது. அடுத்த மாதம் இரண்டு மேசைக்கரண்டியிலிருந்து தொடங்கப்போகிறேன். நேற்று மாலை ராஜ்மாவைச் சூட்டில் ஊறப்போட்டு மூடிவைத்திருந்தேன். அப்பா சமையலறைக்கு வந்து மூடியைத் திறந்து ஒன்றை எடுத்தார். இரண்டாகப் பிளந்து விளக்கடியில் பிடித்து நடுப்பகுதியைப் பார்த்தார். "இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.